முதல் ரைபிளும் மௌஸரின் ஏழு மில்லிமீட்டரும்

வேட்டைக்கும் இலக்கு நோக்கிச் சுடும் பயிற்சிக்கும் பொதுவாக உதவும்படி முதன்முதலாக ஒரு ரைபிள் வாங்க விரும்பும் இளைஞனுக்கு, ஜெர்மனியிலாகட்டும் அமெரிக்காவிலாகட்டும் ஆப்பிரிக்காவிலாகட்டும், அனுபவசாலிகள் கூறும் புத்திமதி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது: போல்ட் ரைபிளாக வாங்கு, தோள் தாங்கக்கூடிய மத்தியமான கேலிபராக, அதாவது குழலின் உள்விட்டம் மத்தியமானதாக, வாங்கு. சுருக்கமான இந்த இரண்டு வாக்கியங்களுக்குப் பின்னால், நெக்கார் நதிக்கரைச் சிற்றூர் ஒன்றில் தொடங்கி, கியூபாவின் குன்றுகளையும் தென்னாப்பிரிக்காவின் புல்வெளிகளையும் கடந்து, குமாயூன் மலைக்காடுகள் வரையில் நீண்டு செல்லும் ஒரு சரித்திரம் இருக்கிறது. அதை அறியாமல் தோட்டாவின் பருமனையே பெரிதாக எண்ணி மயங்குகிறவன் பணத்தையும் இழப்பான், ஒரு பிராணியை வீணே காயப்படுத்திய பாவத்தையும் சுமப்பான் என்பது என் அபிப்பிராயம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் ஐரோப்பியப் போர்வீரன் துப்பாக்கியைச் செங்குத்தாக நிறுத்தி, அதன் வாய் வழியாக மருந்தையும் குண்டையும் இட்டு, கோலால் இடித்த பிறகே சுட்டான். ஆகையால் எதிரியின் கண்ணுக்கு முன்னே எழுந்து நிற்க வேண்டிய நிர்ப்பந்தம் அவனுக்கு இருந்தது. சொம்மெர்டா என்னும் ஜெர்மன் ஊரில் பிறந்த ட்ரைசே என்பவர் இந்த நிலையை மாற்றினார். குழலின் பின்புறத்தில் போல்ட் என்னும் ஓர் இரும்பு உருளையை அமைத்து, கதவின் தாழ்ப்பாளைத் தூக்கி இழுத்துத் திறந்து மறுபடியும் தள்ளித் திருப்பிப் பூட்டுவது போல அதை இயக்கும்படி அவர் செய்த ஊசித் துப்பாக்கியைப் பிரஷ்யச் சைனியம் 1841ல் ஏற்றுக்கொண்டது. 1866ல் கோனிக்ரேட்ஸ் போர்க்களத்தில், வாய்வழி மருந்திடும் துப்பாக்கியோடு நின்ற ஆஸ்திரியர்களை, தரையில் படுத்தபடியே மருந்திட்டுச் சுட்ட பிரஷ்யர்கள் முறியடித்தபோது, பின்புறமாக மருந்திடும் முறையின் பெருமையை உலகம் கண்டுகொண்டது. காகிதத் தோட்டாவும், மருந்தின் ஊடே புகுந்து சீக்கிரமே தீய்ந்துபோகும் ஊசியும், இடுக்குகளில் கசியும் வாயுவும் அந்தத் துப்பாக்கியின் குறைகள். உலோகத் தோட்டா வந்த பிறகுதான் அவை நீங்கின.

அவற்றை நீக்கியவர்களில் தலைசிறந்தவர் பால் மௌஸர். வுர்ட்டம்பெர்க் ராஜ்யத்தில், நெக்கார் நதிக்கரையில் உள்ள ஓபெர்ண்டோர்ஃப் என்னும் ஊரில், அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலையில் வேலை செய்த ஒரு கம்மியரின் மகனாக 1838ல் பிறந்த அவர், தமையனார் வில்ஹெல்முடன் சேர்ந்து உருவாக்கிய ரைபிளை, புதிதாக அமைந்த ஜெர்மன் சாம்ராஜ்யம் 1871ம் ஆண்டு மாதிரியாக ஏற்றது. அது 11 மில்லிமீட்டர்க் குழலும் கரிமருந்தும் கொண்டது. கரிமருந்து உள்ளவரையில் பெரிய கேலிபருக்கு நியாயம் இருந்தது. அந்த மருந்தால் குண்டின் வேகத்தை ஓர் எல்லைக்கு மேல் உயர்த்த முடியாது. ஆகவே வலிமை வேண்டுமானால் குண்டைப் பருமனாக்குவதைத் தவிர வேறு வழியில்லை. 1884ல் பிரான்ஸில் போல் வியேல் என்னும் ரசாயன நிபுணர் புகையில்லா மருந்தைக் கண்டுபிடித்ததும், இரண்டே ஆண்டுகளில் லெபெல் ரைபிள் 8 மில்லிமீட்டர்க் குழலோடு வெளிவந்ததும், இந்தக் கணக்கையே தலைகீழாக்கின. குண்டின் சக்தி அதன் எடையோடு நேர்விகிதத்தில் மட்டுமே உயர்கிறது. வேகத்தோடோ வர்க்கமாக உயர்கிறது. சிறிய குண்டை அதிவேகமாகச் செலுத்தினால் அது தூரத்திலும் அதிகம் தாழாமல் பறக்கும். தூரத்தைத் தப்பாகக் கணித்தவனுடைய குறி கூடப் பெரிதும் பிசகாது. அந்த வேகத்தில் வெறும் ஈயம் குழலின் சுருள்வரிகளைப் பற்றிக்கொள்ளாமல் உரிந்துபோகும் என்பதால், குண்டுக்கு உலோகக் கவசமும் போர்த்த வேண்டியதாயிற்று.

இந்தப் புதிய கணக்கின் அழகான விடையாக மௌஸர் தொழிற்சாலையில் பிறந்ததுதான், 57 மில்லிமீட்டர் நீளமுள்ள கூட்டில் அமைந்த 7 மில்லிமீட்டர்த் தோட்டா. 1893ல் அதை ஸ்பெயின் தேசம் தன் சைனியத்துக்குத் தேர்ந்தெடுத்தது. ஐந்து தோட்டாக்களைக் கட்டைக்கு உள்ளேயே ஒன்றுவிட்டொன்றாக அடுக்கி வைக்கும் அறையும், அவற்றை ஒரு தகட்டிலிருந்து ஒரே அழுத்தில் உள்ளே தள்ளும் வசதியும் அந்த ரைபிளில் இருந்தன. ஸ்பெயினோடு அமெரிக்கா நடத்திய யுத்தத்தில், 1898 ஜூலை முதல் தேதி, கியூபாவின் சான் ஹுவான் குன்றின்மீது பதுங்கியிருந்த சொற்பமான ஸ்பானிய வீரர்கள், பெருந்திரளாக ஏறிவந்த அமெரிக்கப் படைக்கு அந்த ரைபிள்களால் விளைவித்த சேதம், அமெரிக்கர்களைத் தங்கள் ஆயுதத்தைப் பற்றியே மறுபரிசீலனை செய்ய வைத்தது. அவர்கள் 1903ல் வெளியிட்ட ஸ்பிரிங்ஃபீல்டு ரைபிள் மௌஸர் அமைப்பையே தழுவியது. அதற்காக மௌஸர் கம்பெனிக்கு உரிமைத் தொகையும் செலுத்த நேர்ந்தது. அந்த ரைபிளுக்காக 1906ல் திருத்தியமைத்த தோட்டாதான் இன்றும் உலகெங்கும் வேட்டைக்காரர்கள் கையாளும் .30-06. 1899ல் தென்னாப்பிரிக்காவில் மூண்ட போயர் யுத்தத்தில், குடியானவர்களான போயர்கள் அதே 7 மில்லிமீட்டர் மௌஸரைக் கொண்டு தொலைவிலிருந்தே பிரிட்டிஷ் அணிகளைக் கலக்கினர். பிரிட்டிஷாரும் பிறகு மௌஸர் முறையில் .276 கேலிபர் ரைபிள் ஒன்றை உருவாக்கிச் சோதித்துக்கொண்டிருக்கையில் முதல் உலக மகா யுத்தம் வந்து குறுக்கிட்டது.

மௌஸரின் சிகரம் 1898ம் ஆண்டு மாதிரி. போல்ட்டின் முன்தலையில் இரண்டு பெரிய பூட்டுக் காதுகள். அவை தவறினாலும் காப்பாற்றுவதற்கென்று பின்புறத்தில் மூன்றாவதாக ஒன்று. தோட்டா வெடித்துக் கிழிந்தால் வாயு சுடுகிறவன் முகத்தில் அடிக்காமல் பக்கவாட்டில் வெளியேறுவதற்குத் துவாரங்கள். இவை எல்லாவற்றையும்விட வேட்டைக்காரனுக்கு உயிர்த்துணையாக அமைந்தது, போல்ட்டின் பக்கத்தில் நீளமாகப் படிந்திருக்கும் எஃகுக் கவ்வி. தோட்டா அறையிலிருந்து மேலெழும் கணத்திலேயே அதன் விளிம்பைப் பற்றிக்கொள்ளும் அந்தக் கவ்வி, சுட்டு முடிந்த கூடு உள்ளே ஒட்டிக்கொண்டாலும் பிடிவாதமாக அதை இழுத்து வெளியே எறிகிறது. காயம்பட்ட மிருகம் பாய்ந்து வருகையில் கூடு சிக்கிக்கொண்டால் அது மரணத்துக்கே ஏதுவாகும் என்பதை நினைத்தால், ஒரு சாண் நீளம்கூட இல்லாத அந்த எஃகுத் துண்டின் மதிப்பு விளங்கும். நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் உயர்ந்த வேட்டை ரைபிள்களில் அந்தக் கவ்வியைச் சிறப்பம்சமாகச் சொல்லி விற்கிறார்கள் என்றால், அதில் வியப்பில்லை.

யுத்தக் கருவி வேட்டைக் கருவியாக மாறியதில் பெரும்பங்கு லண்டனைச் சேர்ந்த ரிக்பி கம்பெனிக்கு உண்டு. அதன் தலைவரான ஜான் ரிக்பி என்ஃபீல்டு அரசாங்கத் தொழிற்சாலையின் அதிபராகப் பணியாற்றியவர். 1874ல் அமெரிக்காவின் கிரீட்மூர் மைதானத்தில் அமெரிக்கர்களோடு போட்டியிட்ட ஐரிஷ் குழுவில் இடம்பெற்ற குறிகாரர். கருவியை அறிந்தவரும் குறியை அறிந்தவரும் ஒருவராகவே இருந்ததால்தான், மௌஸர் போல்ட்டின் அருமையை அவர் உணர்ந்து, பிரிட்டனில் அதற்கு விற்பனைப் பிரதிநிதியாகி, ஓபெர்ண்டோர்ஃபிலிருந்து வந்த இயந்திரப் பகுதிகளை நேர்த்தியான வேட்டை ரைபிள்களாக்கினார் என்று எனக்குத் தோன்றுகிறது. அதுவரை கௌரவமான வேட்டைக்காரனின் ஆயுதம் இரட்டைக்குழல் ரைபிளாகவே இருந்தது. இரண்டு குழல்களும் ஒரே புள்ளியில் குண்டைச் சேர்க்கும்படி கையாலேயே சரிசெய்ய வேண்டியிருந்ததால் அதன் விலை மிக அதிகம். ராஜாக்களும் பிரபுக்களும் வாங்கலாம். ஒரு வனத்துறை உத்தியோகஸ்தரோ, தேயிலைத் தோட்டத் துரையோ, தன் சம்பளத்தில் வாங்கக்கூடியதாக வந்தது போல்ட் ரைபிள்தான். 7 மில்லிமீட்டரை அங்குலக் கணக்கில் மாற்றி .275 என்று ரிக்பி பெயரிட்டார், தோட்டா அதுவேதான். கேலிபர் எண்களைப் பார்த்துக் குழம்பும் புதியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: ஒரே தோட்டா இரண்டு பெயர்களில் வழங்கும்; .30-06ல் உள்ள 06 அளவே அல்ல, ஆண்டு.

இந்தியாவில் கேலிபரைத் தீர்மானித்தது வேட்டைக்காரனுடைய விருப்பம் மட்டுமன்று. சர்க்காரின் அச்சமும் அதில் சேர்ந்துகொண்டது. சைனியத்தின் தோட்டா கலகக்காரர் கைக்குப் போய்விடக்கூடாது என்ற எண்ணத்தால் .303 தனியாருக்கு விலக்கப்பட்டது, 1907ஐ ஒட்டி .450 கேலிபர் ரைபிள்களும் அதே காரணத்தால் தடைப்பட்டன. அந்தத் தடையினாலேயே .465, .470 போன்ற புதிய கேலிபர்களை லண்டன் கம்பெனிகள் உண்டாக்கின. சாதாரணக் குடிமகனுக்கோ .315 என்று பெயர் பெற்ற, ஆஸ்திரியாவின் 8 மில்லிமீட்டர் மான்லிக்கர்த் தோட்டா கிடைத்தது. வங்காளத்தில் ஈஷாப்பூர் தொழிற்சாலை பிற்காலத்தில் லீ-என்ஃபீல்டு அமைப்பில் இந்தத் தோட்டாவுக்கென்று செய்த போல்ட் ரைபிள்தான், லைசென்ஸ் பெற்ற எத்தனையோ இந்தியக் குடும்பங்களின் முதல் ரைபிளாக இருந்தது.

.275ன் புகழை இந்தியாவில் நிலைநாட்டியவர், குமாயூனில் ஆட்கொல்லிகளை வேட்டையாடிய ஜிம் கார்பெட். 436 மனித உயிர்களைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்ட சம்பாவத் பெண்புலியை 1907ல் அவர் சுட்டு வீழ்த்தியதற்காக, ஐக்கிய மாகாணத்தின் லெப்டினன்ட் கவர்னராக இருந்த சர் ஜான் ஹெவெட் அவருக்கு ஒரு .275 ரிக்பி ரைபிளைப் பரிசளித்தார். அந்தப் புலியைக் கொன்றது இந்த ரைபிள் அன்று. கார்பெட் அப்போது வைத்திருந்தது .500 ரைபிள், அதன் தோட்டாக்கள் தீர்ந்துபோய், தாசில்தாரிடம் இரவல் வாங்கிய துப்பாக்கியால் கடைசி வெடியைப் போட நேர்ந்தது. 125 பேரைப் பலிகொண்ட ருத்ரப்பிரயாகைச் சிறுத்தையை 1926 மே மாதத்தில், ஒரு மாமரத்தின்மேல் காத்திருந்து, இருளில் டார்ச் ஒளியில் அவர் சுட்டது இந்த .275 ரிக்பியினால்தான். பெரிய புலிகளுக்கு அவர் .450/400 இரட்டைக்குழல் ரைபிளையும் எடுத்துச் சென்றார் என்பதை மறைக்கக்கூடாது. ஆனால் நாள் முழுவதும் மலைச்சரிவுகளில் ஏறியிறங்கும் மனிதனுக்கு எடைகுறைந்த ரைபிளின் அருமை தெரியும். களைத்த கையில் கனமான ரைபிள் நடுங்கும். நம் பக்கத்துக் காடுகளாகிய தேன்கனிக்கோட்டை, ஜவளகிரிப் பிரதேசங்களில் ஆட்கொல்லிகளைத் தேடித் திரிந்த கென்னத் ஆண்டர்சன் மட்டும் போல்ட்டை விட்டு, நெம்புகோலால் இயங்கும் .405 வின்செஸ்டரையே ஆயுள் முழுவதும் நம்பியிருந்தார். பழகிய கருவியே சிறந்த கருவி என்பதற்கு அவர் சாட்சி.

ஆப்பிரிக்காவில் வேறொருவர் 7 மில்லிமீட்டரின் புகழை ஆபத்தான எல்லைக்குக் கொண்டுபோனார். ‘கரமோஜோ’ பெல் என்று அழைக்கப்பட்ட அந்த ஸ்காட்லாந்துக்காரர் சுட்ட ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளில் பெரும்பகுதியை இந்தச் சிறிய தோட்டாவினாலேயே வீழ்த்தினார். அவ்வளவு யானைகள் தந்தத்துக்காக மடிந்ததை எண்ணும்போது மனம் பதைக்கிறது. அதைச் சாதனையென்று போற்ற எனக்கு நா எழவில்லை. ஆயினும் யானையின் மண்டையோட்டை அறுத்துப் பார்த்து மூளை இருக்கும் இடத்தை அவர் ஆராய்ந்தார் என்ற விஷயம் நமக்கு ஒரு பாடம். அந்த அறிவு இல்லாதவன் கையில் அதே தோட்டா, மிருகத்துக்குச் சித்திரவதையாகவும் அவனுக்கு யமனாகவும் முடியும். இதனால்தான் பிற்காலத்தில் ஆப்பிரிக்க தேசங்கள் பலவற்றில், பெரிய மிருகங்களுக்கு .375க்குக் குறைந்த கேலிபரைப் பயன்படுத்தலாகாது என்று சட்டம் வந்தது. மத்தியமான கேலிபர் மானுக்கும் பன்றிக்கும் போதுமானது; யானைக்கும் காட்டெருமைக்கும் அன்று.

இலக்குச் சுடுதலின் சரித்திரமும் இதே முடிவுக்குத்தான் வருகிறது. 1860ல் விம்பிள்டன் மைதானத்தில் விக்டோரியா மகாராணி முதல் வெடியைச் சுட்டுத் தொடங்கிவைத்த போட்டிகள் 1890 முதல் பிஸ்லியில் நடைபெறுகின்றன. ஆனால் சாமானியர்களை மைதானத்துக்கு அழைத்து வந்தது போயர் யுத்தம். போயர்களின் குறித்திறமைக்கு முன்னே தங்கள் வீரர்கள் தடுமாறியதைக் கண்ட பிரிட்டிஷ் சேனாதிபதி லார்டு ராபர்ட்ஸ், ஊர்தோறும் சிறுரைபிள் சங்கங்கள் தோன்ற வேண்டும் என்று பாடுபட்டார். அந்தச் சங்கங்களில் கிளார்க்குகளும் தொழிலாளிகளும் கையிலெடுத்தது .22 கேலிபர். 1887ல் அமெரிக்காவில் தோன்றிய .22 லாங் ரைபிள் தோட்டா விலை மலிவு, சத்தம் குறைவு, தோளில் உதை என்பது அநேகமாக இல்லை. பெரிய ரைபிளை முதலில் கையாண்டவன், உதைக்குப் பயந்து விசையை இழுக்கும் கணத்தில் கண்ணை மூடித் தோளைச் சுருக்கும் வழக்கத்தைப் பெற்றுவிடுகிறான். ஒருமுறை ஒட்டிக்கொண்ட அந்தத் துர்ப்பழக்கம் லேசில் விடாது. .22ல் தொடங்கியவனுக்கு மூச்சை அடக்குவதும், விசையை மெல்ல அழுத்துவதும், வெடித்த பிறகும் குறியிலிருந்து கண்ணை எடுக்காமலிருப்பதும் மட்டுமே கற்க வேண்டிய பாடங்கள்.

நம் நாட்டில் வேட்டைக்கு இன்று இடமில்லை. நீலகிரியில் 1877லேயே வேட்டைக்காரர்கள் தாமாகவே ஒரு சங்கம் அமைத்து, 1879ல் சென்னை மாகாண சர்க்காரைக் கொண்டு வேட்டைப் பிராணிகளுக்கும் மீன்களுக்கும் பாதுகாப்புச் சட்டம் இயற்றச் செய்தார்கள். வரையாடு அழிந்துபோகாமல் தப்பியதற்கு அந்த முன்யோசனையும் ஒரு காரணம். 1972ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அந்தப் பாதையைத் தேசம் முழுவதற்கும் விரித்தது. அதை நான் மனமார வரவேற்கிறேன். இலக்குச் சுடும் கலைக்கோ தடையில்லை. 1951ல் தோன்றிய தேசிய ரைபிள் சங்கத்தோடு இணைந்த கழகங்கள் பல ஊர்களில் இருக்கின்றன. ஆகவே ரைபிளில் ஆசை கொண்ட தமிழ் இளைஞர்கள், பெரிய கேலிபர்களின் பெயர்களை உருப்போடுவதை விட்டு, ஏதேனும் ஒரு கழகத்தில் சேர்ந்து, .22 போல்ட் ரைபிளில் ஆசிரியர் ஒருவரின் கண்காணிப்பில் ஓராண்டாவது பழக வேண்டும். வேட்டை சட்டப்படி அனுமதிக்கப்பட்ட தேசங்களில் வாழ்கிறவர்களும் அப்படியே தொடங்கட்டும். பிறகு 7 மில்லிமீட்டர் மௌஸரோ, .308ஓ, .30-06ஓ, அவரவர் ஊரில் தோட்டா சுலபமாகக் கிடைப்பதைப் பார்த்து வாங்கிக்கொள்ளட்டும்.