கேம் அடிக்கிற பிள்ளையும் கேம் எழுதுகிற பிள்ளையும்



போன கிழமை ஒரு வாப்பா பாடசாலைக்கு வந்தார். "சேர், நாங்க பிள்ளைய படிக்கத்தானே அனுப்புறோம்? நீங்க லெப்ல கேம் செய்யச் சொல்லிக் குடுக்கிறீங்களாமே?" என்று கேட்டார். கோபத்தில் கேட்கவில்லை, கவலையில்தான் கேட்டார். அவரது மகன் இரவு ஒரு மணி வரை போனில் கேம் அடிக்கிறானாம். மணி அடித்துவிட்டதால் அவருக்கு ஒழுங்காகப் பதில் சொல்லக் கிடைக்கவில்லை. அதை இங்கே எழுதுகிறேன்.

ஒரு காலத்தில் கணினி விஞ்ஞானிகளுக்கும் கணித நிபுணர்களுக்கும் மட்டும் உரியதாக இருந்தது. அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் ஜோன் கெமனி, தோமஸ் கர்ட்ஸ் என்ற இரண்டு கணிதப் பேராசிரியர்கள் இதை மாற்ற நினைத்தார்கள். இலக்கியம் படிக்கிற மாணவனும் செய்நிரல் எழுத வேண்டும் என்பது அவர்களின் நோக்கம். அதற்காக பேசிக் என்ற இலகுவான மொழியை உருவாக்கினார்கள். 1964 மே 1 அதிகாலை 4 மணிக்கு அதன் முதல் செய்நிரல் ஓடியது. கொஞ்சக் காலத்தில் மாணவர்கள் அதில் விளையாட்டுகளை எழுதத் தொடங்கிவிட்டார்கள்.

1971இல் மினியாபொலிஸ் நகரில் நடந்தது எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்கு முக்கியமானது. டொன் ராவிட்ச் என்ற பயிற்சி ஆசிரியர் 8ஆம் வகுப்புக்கு வரலாறு படிப்பித்தார். 19ஆம் நூற்றாண்டில் மக்கள் மாட்டு வண்டியில் மேற்கே குடிபெயர்ந்த பாடத்தை விளையாட்டாகச் சொல்லிக்கொடுக்க விரும்பினார். அவரோடு தங்கியிருந்த இரண்டு கணித பயிற்சி ஆசிரியர்கள் சுமார் இரண்டு வாரத்தில் அதை பேசிக்கில் எழுதினார்கள். அதுதான் "ஒரிகன் ட்ரெயில்". திரைகூட இல்லை, எல்லாம் கடதாசியில் அச்சாகி வரும். தவணை முடிந்ததும் செய்நிரலை அச்சிட்டு எடுத்துக்கொண்டு கணினியிலிருந்து அழித்துவிட்டார்கள். 1974இல் ராவிட்ச் அந்தக் கடதாசியைப் பார்த்து மறுபடி தட்டச்சு செய்தார். பிறகு அது அந்த மாநிலப் பாடசாலைகளுக்குப் போனது.

1973இல் டேவிட் அஹல் 101 பேசிக் விளையாட்டுகளை ஒரு புத்தகமாகத் தொகுத்தார். 1978இல் வந்த அதன் புதிய பதிப்பு பத்து இலட்சத்துக்கு மேல் விற்பனையானது. அதில் செய்நிரல் வரிகள் அச்சிடப்பட்டிருந்தன. விளையாட வேண்டுமென்றால் பிள்ளை ஒவ்வொரு வரியையும் தானே தட்டச்சு செய்ய வேண்டும். ஒரு காற்புள்ளி பிழைத்தாலும் ஓடாது. பிழையைத் தேடித் தேடியே பிள்ளைகள் படித்தார்கள்.

1 முதல் 100 வரை கணினி நினைக்கும் எண்ணைக் கண்டுபிடிக்கிற விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணைச் சேமிக்க ஒரு மாறி வேண்டும். "கூட", "குறைய" என்று சொல்ல நிபந்தனை வேண்டும். சரியாக வரும்வரை திரும்பக் கேட்க மீள்செயல் வேண்டும். ஒவ்வொரு தடவையும் பாதியாகப் பிரித்துக் கேட்டால் 7 தடவைக்குள் விடை வந்துவிடும். பாடத்திட்டத்தின் அடிப்படை முழுக்க இந்தச் சின்ன விளையாட்டுக்குள் இருக்கிறது.

பிரித்தானியாவில் 1980களில் வந்த பிபிசி மைக்ரோ, ஸ்பெக்ட்ரம் கணினிகளைப் போட்டவுடனே பேசிக் தயாராக இருக்கும். பிறகு விளையாட மட்டும் தெரிந்த கொன்சோல்கள் அந்த இடத்தைப் பிடித்தன. 2006 அளவில் கேம்பிரிட்ஜில் இருந்த எபன் அப்டன், கணினி விஞ்ஞானத்துக்கு விண்ணப்பிப்போர் குறைவதையும், வருகிறவர்களுக்கும் முன்னைய அனுபவம் இல்லாததையும் கவனித்தார். அதன் விளைவுதான் 2012 பெப்ரவரி 29 அன்று வெளிவந்த ராஸ்பெரி பை என்ற மலிவான கணினி. அதற்கு முன்பே, 2007இல், எம்ஐடியில் மிட்செல் ரெஸ்னிக்கின் குழு ஸ்க்ராட்ச் என்ற இலவச மென்பொருளை வெளியிட்டிருந்தது. எங்கள் லெப்பில் பிள்ளைகள் பாவிப்பதும் அதைத்தான்.

அந்த வாப்பாவுக்கு என் பதில் இதுதான். உங்கள் மகனின் போனில் இருப்பது யாரோ எழுதி மூடி வைத்த பெட்டி. லெப்பில் அவன் அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்கிறான். மரத்திலிருந்து விழும் மாங்காயைக் கூடையில் பிடிக்கிற விளையாட்டு ஒன்று செய்திருக்கிறான். புள்ளி பூச்சியத்துக்குக் கீழே போய்க்கொண்டிருந்தது. இரண்டு பாடவேளை யோசித்து, ஒரு நிபந்தனை சேர்த்து, தானே சரிசெய்தான். நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

இதனால் இரவு விளையாட்டு நின்றுவிடும் என்று வாக்குத் தர மாட்டேன். போனுக்கு நேரம் வைப்பது வீட்டின் பொறுப்பு. எல்லாப் பிள்ளையும் இன்ஜினியர் ஆகப்போவதுமில்லை. ஆனால் பிழை வந்தால் அழித்துவிட்டு ஓடாமல், அது எங்கே இருக்கிறது என்று தேடுகிற பழக்கம் எந்தத் தொழிலுக்கும் உதவும்.

வாற வியாழன் பின்னேரம் இன்ஷா அல்லாஹ் லெப் திறந்திருக்கும். வாப்பாமாரும் உம்மாமாரும் வாருங்கள். உங்கள் பிள்ளையிடம், "இது எப்படி வேலை செய்யுது?" என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.