பெண் பெற்றவள் குற்றவாளியா?

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் செல்லும் பேருந்து. மூன்றாவது பெண்மகவை மடியில் ஏந்தி அமர்ந்திருந்தாள் ஓர் இளந்தாய். "மூணும் பொட்டையாப் பெத்தவ!" என்று ஊரறிய உரைத்தாள் மாமியார். கணவன் வாய் திறந்தானில்லை. தாய் தலைகுனிந்தாள். குனிய வேண்டிய தலை அவளுடையதுதானா, தோழர்களே? வரலாற்றைக் கேட்போம்.

தந்தையின் வித்திலுள்ள வெப்பம் வென்றால் ஆண், தோற்றால் பெண் என்றார் கிரேக்கத்து அரிஸ்டாட்டில். பேரறிஞரும் பிழைபடுவர், பிழையைத் திருத்துவது ஆராய்ச்சி. 1905இல் திருத்தியவர் ஒரு பெண்! பள்ளி ஆசிரியையாய் வாழ்வைத் தொடங்கிய அமெரிக்க அம்மையார், நெட்டி ஸ்டீவன்ஸ். மாவுப்புழு வண்டின் உயிரணுக்களை நுண்ணோக்கியில் ஆய்ந்தார். பெண் வண்டில் 20 பெரிய குரோமோசோம்கள். ஆண் வண்டிலோ 19 பெரியவை, ஒன்று மட்டும் சிறியது. வேறுபாடு ஆணின் விந்தணுவில்தான் என்று கண்டார். அதே ஆண்டில் எட்மண்ட் வில்சனும் தனியே ஆய்ந்து இதையொத்த முடிவை வெளியிட்டார்.

மனிதரிலும் அவ்வாறே. தாயின் கருமுட்டை தருவது எக்ஸ் மட்டுமே. தந்தையின் விந்தணு எக்ஸ் தந்தால் பெண். ஒய் தந்தால் ஆண்.

இது தலையெழுத்தன்று, பரிணாமம் வகுத்த பல வழிகளுள் ஒன்று. முதலைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முட்டை கிடக்கும் மணலின் வெப்பம் முடிவு செய்கிறது. வடநெம்மேலி முதலைப் பண்ணையில் ஆய்ந்து கண்ட உண்மை இது. கோழியினத்தில் முடிவு தாயிடம். பாலூட்டிகளில் தந்தையிடம், 15 கோடி ஆண்டுகளுக்கும் மேலாக நீடிக்கும் ஏற்பாடு இது. கோழி பெட்டைக்குஞ்சு பொரித்தால் மகிழும் வீடு, மருமகள் பெண்மகவு ஈன்றால் மூக்கைச் சிந்துகிறது! என்னே விந்தை!

இந்த அறியாமை வசைமொழியோடு நிற்கவில்லை, உயிரையும் குடித்தது. பெண்சிசுக் கொலையைத் தடுக்க 1992இல் சேலத்தில் அரசு தொட்டில் வைத்தது. கருவிலேயே பாலினம் கண்டு அழிப்பதைத் தடுக்க 1994இல் சட்டம் வந்தது. 2011இல் அத்தொட்டில் நம் விழுப்புரம் மாவட்டத்துக்கும் வந்தது. வெட்கப்பட வேண்டாமா நாம்?

அப்படியானால் தந்தை குற்றவாளியா? அவனும் அல்லன். எந்த விந்தணு முந்தும் என்பதை எவரும் தேர்ந்தெடுப்பதில்லை. பெண் பிறந்தது குற்றமன்று. அதைக் குற்றமென்று கூறுவதே குற்றம்.

அடுத்த முறை பேருந்தில் அந்த வசைமொழி கேட்டால், வாளாவிருக்காதீர், இளைஞர்களே! அந்தத் தாய் நிமிர்ந்து அமர, ஒரு சொல் போதும். அதைச் சொல்லுங்கள்.