வான் ஒளிப்படக்கலை: செஞ்சி வட்டாரம்

இரவு வானின் விண்மீன்களையும் நெபுலாக்களையும் நெடுநேரம் ஒளி சேர்த்துப் படமாக்கும் கலை. இதில் ஆர்வலர்களின் பங்கு தொடக்கத்திலிருந்தே பெரிது. நெபுலாவை முதலில் படம்பிடித்தவர் ஹென்றி டிரேப்பர் என்னும் நியூயார்க் மருத்துவர். 1880 செப்டம்பர் 30 அன்று ஓரியன் நெபுலாவை 51 நிமிடம் பதிவு செய்தார். 1883இல் இங்கிலாந்துப் பொறியாளர் ஆண்ட்ரூ காமன் எடுத்த படத்தில், தொலைநோக்கியில் கண்வைத்துப் பார்த்தாலும் தெரியாத விண்மீன்கள் பதிந்திருந்தன.

தமிழகத்தில் இக்கலை சூரியனிலிருந்து தொடங்கியது. 1871 டிசம்பர் 12 முழுச் சூரிய மறைப்பை வானியலாளர் டென்னன்ட் குழுவினர் தொட்டபெட்டாவில் படமெடுத்தனர். 1899இல் அமைந்த கோடைக்கானல் ஆய்வகம் நூற்றாண்டுக்கும் மேலாகச் சூரியப் படங்களைச் சேர்த்துவருகிறது. இரவு வானத்துக்கு வாய்த்தது செஞ்சிக்கு வடமேற்கே சவ்வாது மலையிலுள்ள காவலூர் ஆய்வகம். சென்னையிலிருந்து வானியலாளர் போக்சன் 1861இல் 'ஏசியா' குறுங்கோளைக் கண்டது தொலைநோக்கியில் கண்வைத்துப் பார்த்து; காவலூரில் 1988இல் ராஜமோகன் குழு 'ராமானுஜன்' குறுங்கோளைக் கண்டது ஒளிப்படத் தகட்டால்.

டிஜிட்டல் கேமரா வந்தபின் ஆய்வகத்து வேலை மொட்டைமாடிக்கு வந்துவிட்டது. நெபுலாவின் சிவப்பு, ஹைட்ரஜன் 656 நானோமீட்டரில் உமிழும் ஒளி. கேமராவுக்குள் இருக்கும் வடிகட்டி அதில் பெரும்பகுதியைத் தடுப்பதால், தீவிர ஆர்வலர்கள் அதைக் கழற்றிவிடுகிறார்கள். பின்பு சிறு சிறு பதிவுகளாக எடுத்து, கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இரைச்சலைக் குறைக்கிறார்கள்.

புவிச் சுழற்சியால் வானம் 4 நிமிடத்துக்கு 1 பாகை நகர்கிறது. அதைப் பின்தொடரும் தாங்கியின் அச்சைத் துருவ மீனை நோக்கி நிறுத்தவேண்டும். செஞ்சியில் அது தொடுவானிலிருந்து 12 பாகைதான் உயரும். வடக்கே ஒரு குன்றோ பனையோ நின்றால் போதும், மறைந்துவிடும். செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி, கிருஷ்ணகிரிக் குன்றுகளுக்கு நடுவே செல்லும் நெடுஞ்சாலையின் முகப்பு விளக்குகள் இன்னொரு தொல்லை. கோட்டை தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருப்பதால் இரவில் மேலே ஏற வழியில்லை. ஊரைத் தாண்டிய ஏரிக்கரைகளே கதி.

ஆனால் வடக்கில் இழப்பதைத் தெற்கில் ஈடுகட்டிவிடலாம். ஓரியனைவிடப் பெரிதும் பிரகாசமானதுமான கரினா நெபுலா, டிரேப்பரின் நியூயார்க்கிலும் காமனின் இங்கிலாந்திலும் உதிப்பதே இல்லை. மேலைநாட்டு நூல்களைப் பின்பற்றி ஓரியனோடு நின்றுவிடும் நம்மவர்கள் இதைத் தவறவிடுவது வீண் இழப்பு. செஞ்சியில் அது தென்வானில் 18 பாகை வரை எழுகிறது. மார்ச் தொடக்கத்தில் நள்ளிரவை ஒட்டி உச்சத்தில் நிற்கும். அமாவாசையை ஒட்டிய இரவுகளே படமெடுக்க ஏற்றவை.