பர்கர் கடையில் சாலடுக்கு என்ன வேலை?

இன்றைய எபிசோடில் நாம பேசப்போறது பர்கரைப் பற்றி இல்லை. பர்கர் கடை மெனுவில் ஒரு ஓரமாக இருந்த சாலடைப் பற்றி. அமெரிக்காவின் துரித உணவுக் கடைகளில் சாலட் என்றாலே ஒரு பெயர் உண்டு: இலை துவண்டிருக்கும், தக்காளி சில்லென்று சப்பென்று இருக்கும், மேலே ஊற்றுகிற டிரெஸ்ஸிங்தான் கொஞ்சம் ருசி தரும். சமையல் சரியில்லைன்னு சொல்லிட்டுப் போயிடலாம். ஆனால் சாலடில் சமையலே இல்லையே! அப்போ கோளாறு வேற எங்கயோ இருக்கணும். அதைத் தேடித்தான் இந்த எபிசோட்.

முதலில் 1948-க்குப் போவோம். கலிஃபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் மெக்டொனால்ட் சகோதரர்கள் தங்கள் உணவகத்தை மாற்றி அமைத்தார்கள். மெனுவை ஒன்பது ஐட்டமாகச் சுருக்கினார்கள். ஹாம்பர்கர் விலை 15 சென்ட். சமையலறையைத் தொழிற்சாலை மாதிரி வரிசைப்படுத்தினார்கள். அடுத்து 1960களில், ஐடஹோவைச் சேர்ந்த ஜே.ஆர். சிம்ப்ளாட்டின் உறைய வைத்த உருளைக்கிழங்கு வறுவல் மெக்டொனால்ட்ஸுக்குள் வந்தது. பின்னாடியே இறைச்சியும் உறைந்த நிலையில் வர ஆரம்பித்தது.

ஒரு சாஃப்ட்வேர் ஆளாக எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது அந்த ஃப்ரீசர்தான். அது ஒரு பஃபர். இன்றைக்கு ஆயிரம் பேர் வந்தாலும் சரி, நூறு பேர் வந்தாலும் சரி, விற்காதது நாளைக்கும் காத்திருக்கும். எங்கே சாப்பிட்டாலும் ஒரே ருசி என்பதன் ரகசியத்தில் பாதி, நேரத்தை நிறுத்தி வைக்கிற இந்த ஃப்ரீசர்.

லெட்டூஸ் இலைக்கு இது நடக்காது. உறைய வைத்தால் உள்ளே இருக்கும் நீர் பனிக்கட்டியாகி செல் சுவர்களைக் கிழித்துவிடும். வெளியே எடுத்தால் கொழகொழன்னு ஆகிடும். நறுக்கிய நிமிஷத்திலிருந்தே வெட்டு வாய் பழுப்பாக ஆரம்பித்துவிடும். நேரத்தை நிறுத்தக் கற்றுக்கொண்ட ஒரு அமைப்புக்குள், நேரத்தை நிறுத்தவே முடியாத ஒரு பொருள் வந்தது. கதை இங்கேதான் ஆரம்பிக்குது.

அப்புறம் எதுக்குக் கொண்டுவந்தாங்க? அங்கே உணவகத் தொழிலில் 'வீட்டோ ஓட்டு' என்று ஒரு பேச்சு உண்டு. நாலு பேர் காரில் போறாங்க. மூணு பேருக்கு பர்கர் வேணும். நாலாவது ஆள், "அங்க எனக்குச் சாப்பிட ஒண்ணுமே இல்லை" என்கிறார். உடனே நாலு பேருமே வேற கடைக்குப் போயிடுவாங்க. அந்த ஒரு ஆளின் வாயை அடைக்கத்தான் சாலட். அதாவது, சாலடை விற்பது இலக்கு இல்லை. மூணு பர்கரை விற்பதுதான் இலக்கு. இதை மனசுல வச்சுக்கோங்க, மீதிக் கதை எல்லாம் இதிலிருந்துதான் வருது.

1979-ல் வெண்டிஸ் தன் கடைகளில் சாலட் பார் கொண்டுவந்தது. தட்டை எடுத்து நீங்களே பரிமாறிக்கொள்ளலாம். அந்தக் காலத்தில் அமெரிக்கா முழுக்க உணவகங்களில் சாலட் பார் ஒரு அலையாக இருந்தது. ஆனால் மணிக்கணக்கில் திறந்து கிடக்கும் இலை எப்படிப் பச்சையாகவே இருக்கும்? பல உணவகங்கள் சல்ஃபைட் என்ற வேதிப்பொருளைப் பயன்படுத்தின. அது இலை பழுப்பாவதைத் தடுக்கும். பழைய இலையும் இப்போதான் பறித்தது மாதிரி தெரியும். ஆனால் ஆஸ்துமா உள்ள சிலருக்கு சல்ஃபைட் மூச்சையே அடைத்துவிடும். உயிரிழப்புகள் நடந்தன. பச்சையாகச் சாப்பிடும் காய், பழங்களில் சல்ஃபைட் கூடாது என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ 1986-ல் தடை போட்டது.

கவனிங்க, அங்கே இலையின் தரம் கூடவில்லை. தரத்தின் தோற்றம் மட்டும்தான் கூடியது. ஆனால் அந்தத் தோற்றத்தை நம்பிச் சாப்பிட்டவங்க உயிரே போயிருக்கு.

தடை வந்த மறு வருஷம், 1987-ல், மெக்டொனால்ட்ஸ் டப்பாவில் அடைத்த சாலடை நாடு முழுக்கக் கொண்டுபோனது. கிட்டத்தட்ட அதே காலத்தில் கலிஃபோர்னியாவின் சலினாஸ் பள்ளத்தாக்கில் ஒரு பெரிய மாற்றம். 1989-ல் ஃப்ரெஷ் எக்ஸ்பிரஸ் நிறுவனம் நறுக்கிக் கழுவிய கீரையைப் பையில் அடைத்து மளிகைக் கடைகளுக்கே அனுப்ப ஆரம்பித்தது. பையின் உள்ளே ஆக்சிஜனைக் குறைத்துவிட்டால் இலை மெதுவாகச் சுவாசிக்கும், மெதுவாகவே கெடும். கூடவே, வயலிலிருந்து கடை வரைக்கும் குளிர் அறுபடாமல் பார்த்துக்கணும். உண்மையிலேயே நல்ல பொறியியல் இது, மறுக்க முடியாது. ஆனால் இதன்பிறகு இலை நறுக்கப்படும் இடமும் சாப்பிடப்படும் இடமும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளிப் போயிடுச்சு. எத்தனையோ வயல்களின் இலை ஒரே தொட்டித் தண்ணீரில் கழுவப்பட்டது.

2000-க்குப் பிறகு உடல் பருமன் பற்றிய பேச்சு சூடு பிடித்தது. மெக்டொனால்ட்ஸ் மேலே வழக்கே போட்டார்கள். 2003-ல் 'பிரீமியம் சாலட்' வந்தது. ஆனால் குளிர்ந்த இலைக்கு ருசி எங்கிருந்து வரும்? பொரித்த கோழி, சீஸ், டிரெஸ்ஸிங் எல்லாம் மேலே ஏறின. 2016-ல் கனடாவில் ஒரு கேல் கீரை சாலட் செய்தியானது. டிரெஸ்ஸிங்கோடு சேர்த்தால் 730 கலோரி. அதே கடையின் டபுள் பிக் மாக்கை விட அதிகம்!

வாங்கினது எத்தனை பேர்? 2013-ல் மெக்டொனால்ட்ஸின் அன்றைய தலைமை நிர்வாகி டான் தாம்சன் சொன்ன கணக்குப்படி, அமெரிக்க விற்பனையில் சாலடின் பங்கு 2 முதல் 3 சதவீதம். கால் நூற்றாண்டு விற்ற பிறகும் இவ்வளவுதான்.

இன்னொரு விநோதம். 2009-ல் கீத் வில்காக்ஸும் மற்ற ஆய்வாளர்களும் வெளியிட்ட ஒரு ஆய்வு. மெனுவில் சாலட் சேர்ந்ததும், சுயக்கட்டுப்பாடு அதிகம் உள்ளவர்கள்கூட வறுவலை எடுப்பது கூடியது. சாலட் இருப்பதைப் பார்த்ததே சாலட் சாப்பிட்ட மாதிரி ஒரு திருப்தி! அதாவது யாரும் வாங்காத சாலடும் சும்மா இல்லை. மெனுவில் உட்கார்ந்தபடியே வறுவலை விற்றுக்கொடுக்குது.

இனி 2018. அந்தக் கோடையில் மெக்டொனால்ட்ஸ் சாலட் சாப்பிட்டவர்களுக்கு சைக்ளோஸ்போரா என்ற ஒட்டுண்ணியால் கடும் வயிற்றுப்போக்கு. உறுதியானவை மட்டும் 511 பேர். 24 பேர் மருத்துவமனையில். நல்லவேளை, யாரும் இறக்கவில்லை. 14 மாநிலங்களில் சுமார் 3,000 கடைகளில் சாலட் நிறுத்தப்பட்டது. ஃப்ரெஷ் எக்ஸ்பிரஸ் அனுப்பிய, பயன்படுத்தாத ஒரு லெட்டூஸ்-கேரட் பையில் எஃப்.டி.ஏ அந்த ஒட்டுண்ணியைக் கண்டுபிடித்தது. ஆனால் முடிவு வந்தபோது அந்த இலையின் காலாவதி நாளே தாண்டியிருந்தது.

சைக்ளோஸ்போரா குளோரின் தண்ணீருக்குச் சாகாது. சூட்டுக்குச் சாகும். பர்கர் இறைச்சியில் கிருமி இருந்தாலும், ஒழுங்காக வேகவைத்தால் அந்தத் தோசைக்கல்லே கடைசிக் காவல். சாலடுக்கு அந்தக் காவல் கிடையாது. வயலில் விட்ட தவறை அதற்கப்புறம் வரும் யாராலும் முழுசாத் திருத்த முடியாது.

2020-ல் கொரோனா வந்தபோது மெனுவைச் சுருக்கிய மெக்டொனால்ட்ஸ், அமெரிக்காவில் சாலடை எடுத்துவிட்டது. நோய்க்காலம் முடிந்த பிறகும் அது திரும்பி வரவில்லை. பெரிய போராட்டம் எதுவும் நடக்கவில்லை.

அப்போ துரித உணவில் நல்ல சாலடே சாத்தியமில்லையா? சாத்தியம்தான். 2007-ல் வாஷிங்டனில் தொடங்கிய ஸ்வீட்க்ரீன் போன்ற சங்கிலிகளில் சாலட்தான் முக்கிய உணவு. வருகிற எல்லாரும் அதையே கேட்பதால் இலை காத்துக் கிடப்பதில்லை. விலை கூடுதல்தான், எல்லாராலும் முடியாது. ஆனால் அங்கே சாலட் மோசமாக இருந்தால் கடையே மூடணும். பர்கர் கடையில் சாலட் மோசமாக இருந்தாலும் ஒன்றும் ஆகாது, ஏன்னா அதை நம்பிக் கடை நடக்கலை.

ஃப்ரீசருக்குள் போக முடியாத பொருளுக்கு இருக்கிற ஒரே பாதுகாப்பு, சீக்கிரம் விற்றுப்போவதுதான். கூட்டம் இருக்கிற கடையா பார்த்துச் சாப்பிடுன்னு நம்ம வீட்டில் சொல்லுவாங்க இல்லையா, அதில் ஒரு சின்னத் திருத்தம்: கூட்டம் இருந்தால் மட்டும் போதாது, அந்தக் கூட்டம் எதை வாங்குதுன்னு பாருங்க. நூறு பேர் பர்கர் வாங்கும் இடத்தில் நீங்க மட்டும் சாலட் கேட்டால், அந்த இலை எத்தனை நேரமா உங்களுக்காகக் காத்திருக்குன்னு ஒரு நிமிஷம் யோசிங்க.