பெயருக்குப் பின்னால் வரும் எழுத்துகள்

இங்கே அமெரிக்காவில் செமஸ்டர் சூடு பிடித்ததும், காலேஜுக்குப் போன நம் பிள்ளைகளுக்கு ஹானர் சொசைட்டி அழைப்புகள் வர ஆரம்பித்துவிடும். நன்றாகப் படிக்கிறீர்கள், உங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம், இத்தனை டாலர் கட்டுங்கள் என்று. படித்ததற்குக் கிடைக்கும் மரியாதைக்கு எதற்குக் காசு என்று சிலர் கேட்கிறார்கள். கட்டாமல் விட்டு நாளைக்கு ஏதாவது குறையாகிவிட்டால் என்று சிலர் பயப்படுகிறார்கள். என்னிடமும் வருஷத்துக்கு நாலு பேராவது கேட்கிறார்கள்.

கேள்வி ஒன்றும் புதிதல்ல. நான் வளர்ந்த திருவனந்தபுரத்தில் 130 வருஷத்துக்கு முன்பே இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. மனோன்மணீயம் எழுதிய பெ. சுந்தரம் பிள்ளையைத்தான் சொல்கிறேன். 1855இல் ஆலப்புழையில் பிறந்த தமிழர். அங்கே மகாராஜா கல்லூரியில் (இன்றைய யுனிவர்சிட்டி கல்லூரி) தத்துவப் பேராசிரியர். அவர் பெயருக்குப் பின்னால் ஒரு வரிசை எழுத்துகள் வரும்: எம்.ஏ., எஃப்.எம்.யு., எம்.ஆர்.ஏ.எஸ்., எஃப்.ஆர்.எச்.எஸ். சின்ன வயதில் எனக்கு இதெல்லாம் ஒரே மாதிரிப் பட்டங்களாகத்தான் தெரிந்தன. அப்படி இல்லை.

எம்.ஏ. 1880இல் பரீட்சை எழுதி வாங்கியது. எஃப்.எம்.யு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஃபெலோ, அதாவது அந்தக் கால செனட் உறுப்பினர். அது நியமனம். கடைசி இரண்டும் லண்டன் சங்கங்கள்: ராயல் ஆசியாட்டிக் சொசைட்டி, ராயல் ஹிஸ்டாரிக்கல் சொசைட்டி. இரண்டிலும் உறுப்பினர்கள் சந்தா கட்ட வேண்டும். அதிலும் 1868இல் தொடங்கிய ஹிஸ்டாரிக்கல் சொசைட்டியின் ஆரம்ப நாட்கள் அவ்வளவு பெருமையானவை அல்ல. சந்தா கட்ட முன்வந்தவரெல்லாம் ஃபெலோ ஆகலாம் என்ற நிலை. சங்கத்தைத் தொடங்கிய சார்லஸ் ராஜர்ஸையே பண விவகாரத்தில் வெளியே அனுப்ப வேண்டி வந்தது. இன்று அப்படியில்லை, ஆராய்ச்சியைப் பார்த்துத்தான் ஃபெலோவாகத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

அப்படியானால் பிள்ளைவாளுக்கு அந்தச் சந்தா வீண் செலவா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் உட்கார்ந்துகொண்டு வேணாட்டு அரசர்களின் கல்வெட்டுகளைப் படித்துக் காலம் கணித்தவர் அவர். ஆசியாட்டிக் சொசைட்டியில் உறுப்பினர் என்றால் அதன் ஆராய்ச்சி இதழ் கைக்கு வரும், வேறு யார் என்ன எழுதுகிறார்கள் என்று தெரியும். கப்பலில் வரும் அந்த இதழுக்கே காசு கொடுக்கலாம்.

ஆனால் அவரை நிறுத்தியது அந்த எழுத்துகள் அல்ல. மனோன்மணீயம் 1891இல் வந்தது. திருவிதாங்கூர்க் கல்வெட்டுகள் பற்றிய கட்டுரைகள் 1895இல் இந்தியன் ஆன்டிகுவரியில் வந்தன. 1885இல் ஊரில் சைவப் பிரகாச சபையை நிறுவியபோது அதனால் பெயருக்குப் பின்னால் ஓர் எழுத்துகூடச் சேரவில்லை. 1897இல் போய்விட்டார், வயது 42தான்.

சந்தா வாங்குவதே தப்பு என்று சொல்லவும் முடியாது. லண்டன் ராயல் சொசைட்டியே ஆரம்பத்தில் வாரம் ஒரு ஷில்லிங் வசூலித்தது. 1675இல் நியூட்டனுக்கு அதைத் தள்ளுபடி செய்தார்கள்! அமெரிக்காவில் 1776இல் தொடங்கிய ஃபை பீட்டா காப்பாவும் சேரும்போது கட்டணம் வாங்குகிறது. பிறகு சங்கங்கள் பெருகி, எது அசல் எது வெறும் பெயர் என்று குழப்பம் வந்ததால், 1925இல் ஹானர் சொசைட்டிகளுக்கே ஒரு கூட்டமைப்பு அமைத்துத் தரம் வகுத்தார்கள். ஆகவே காசு கேட்கிறார்களா என்று பார்க்காதீர்கள். தேர்ந்தெடுத்தது யார்? உங்கள் காலேஜ் ஆசிரியர்களா, எங்கோ இருக்கும் ஓர் அலுவலகமா? ஒரு தடவை கட்டினால் போதுமா, வருஷா வருஷமா? சேர்ந்தபின் பிள்ளை அங்கே செய்வதற்கு ஏதாவது இருக்கிறதா?

"அரசாங்க வேலைக்கு உதவும்" என்று ஒரு வாதம் சொல்வார்கள். பாதி உண்மை. பட்டம் முடித்து மத்திய அரசில் சேருபவர் ஜி.எஸ்.5க்குப் பதிலாக ஜி.எஸ்.7இல் தொடங்க, அந்தக் கூட்டமைப்பின் தரத்துக்கு உட்பட்ட சங்கத்தின் உறுப்பினர் என்பது ஒரு வழி. முதல் வருஷ மாணவர்களுக்கான சங்கம் கணக்கில் வராது. ஆனால் ஜி.பி.ஏ. 3.0 இருந்தாலே அதே ஜி.எஸ்.7 கிடைக்கும். அழைப்பு வரும் அளவுக்குப் படிக்கும் பிள்ளைக்கு அது எப்படியும் இருக்கும்.

போன மாதம் நண்பர் ஒருவர் இரண்டு கடிதங்களோடு வந்தார். பகலில் ஒரு வேலை, சனி ஞாயிறு இன்னொரு வேலை பார்க்கிறவர். மகள் இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம். ஒன்று, அவள் காலேஜில் யாருக்கும் தெரியாத ஒரு சங்கம். மற்றது 1885இல் (சைவப் பிரகாச சபை பிறந்த அதே வருஷம்!) லீஹை பல்கலைக்கழகத்தில் தொடங்கிய டவ் பீட்டா பை. மூன்றாம் வருஷத்தில் முதல் எட்டில் ஒரு பங்குக்குள் இருந்தால்தான் அழைப்பார்கள். சேரும்போது ஒரு தடவை கட்டணம், அவ்வளவுதான். இரண்டாவதுக்கு மட்டும் கட்டச் சொன்னேன். கட்டிவிட்டார். மகள் இப்போது அந்தக் கிளையின் சார்பில் முதல் வருஷப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக் கொடுக்கிறாளாம்.

மற்ற சங்கத்திலிருந்து "கடைசி வாய்ப்பு" என்று வாரம் ஒரு மின்னஞ்சல் வந்துகொண்டிருக்கிறதாம்.