விடுமுறைப் பயணமும் நூல் தேர்வும்

விடுமுறையில் மக்கள் தரம் குறைந்த நூல்களையே நாடுகின்றனர் என்று கற்றோர் குறைகூறுவது புதிதன்று. இங்கிலாந்தில் இருப்புப்பாதைகள் பரவிய காலத்திலேயே இக்குறை எழுந்தது. குதிரை வண்டியின் குலுக்கலில் ஊன்றிப் படித்தல் அரிது. புகைவண்டியிலோ மணிக்கணக்கில் படிக்கலாம். ஆனால், படிப்பதற்கு என்ன கிடைத்தது?

தொடக்கத்தில் நிலையக் கடைகள் பலவற்றை, விபத்தில் உறுப்பிழந்த இரயில்வே ஊழியர்களுக்கோ, இறந்தவர்களின் கைம்பெண்களுக்கோ விட்டிருந்தனர். இரக்கத்தால் செய்த ஏற்பாடு. நூலறிவை அங்கே எதிர்பார்த்தல் முறையன்று. தின்பண்டங்களோடு மலிவுக் கதைகளும் கலந்து கிடந்தன. அக்காலத்தில் புதிய நாவலோ மூன்று பாகங்களாக வெளிவந்து 31 ஷில்லிங் 6 பென்சுக்கு விற்றது. அதை வாங்கிக்கொண்டு கடற்கரைக்குச் செல்லக் கூடியவர் எத்தனை பேர்? குறை படிப்போரின் சுவையில் இருந்ததா, கடையில் இருந்ததா என்பதே ஆராயத் தக்கது.

1848இல் டபிள்யூ. எச். ஸ்மித் நிறுவனம் லண்டன் யூஸ்டன் நிலையத்தில் புத்தகக் கடை திறந்தது. சமயப் பற்று மிக்க இளைய ஸ்மித் இழிந்த நூல்களை அகற்றினார். அந்த இருப்புப்பாதையின் பெயரால் 'வடமேற்குச் சமயத் தூதர்' என்னும் கேலிப்பெயரும் பெற்றார். மறு ஆண்டு ரூட்லெட்ஜ் பதிப்பகம் 'இரயில்வே நூலகம்' என்னும் வரிசையைத் தொடங்கி, நூலொன்றை ஒரு ஷில்லிங்குக்குத் தந்தது. நாளடைவில் அவ்வரிசையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட நூல்கள் வந்தன. 1851இல் சாமுவேல் பிலிப்ஸ் என்பார் நிலையக் கடைகளைச் சுற்றிப் பார்த்து 'டைம்ஸ்' இதழில் எழுதினார். பிற நிலையங்களில் குப்பை மலிந்திருக்க, யூஸ்டனில் நல்ல நூல்கள் விற்பதைக் கண்டார். பயணிகள் ஒரே வகையினர், கடைகள்தாம் வேறு. (விடுமுறைக்கு முன் மாணவர்க்கு அறிவுரை கூறும் ஆசிரியர், பள்ளி நூலறையின் பூட்டையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நன்று.) 1860 முதல், சந்தா கட்டியோர் ஸ்மித் கடையொன்றில் இரவல் பெற்ற நூலை வேறொரு நிலையத்தில் திருப்பித் தரவும் வழி பிறந்தது.

ஆயினும், ஒருமுறை திருந்திய கடை என்றும் திருந்தியே இருப்பதில்லை. 1934இல் பதிப்பாளர் ஆலன் லேன், டெவன் வட்டாரத்தில் அகதா கிறிஸ்டியின் இல்லத்தில் ஓய்வு நாட்களைக் கழித்துத் திரும்புகையில், எக்சிட்டர் நிலையக் கடையில் படிக்கத் தக்க நூல் ஒன்றும் காணாமல் வருந்தினார் என்பர். 1935 ஜூலையில் அவர் வெளியிட்ட முதற் பத்துப் பெங்குவின் நூல்களின் விலை ஆறு பென்சு. புத்தக வணிகர் பலரும் தயங்கினர். ஊசி, நூல், பீங்கான் விற்ற வுல்வொர்த் கடையினர் பல்லாயிரம் படிகள் வாங்க முன்வந்த பின்னரே அம்முயற்சி நிலைத்தது.