இரங்கூனில் எஞ்சிய சுவர்கள்

ஊரை விட்டு ஓடிவந்த எவரிடம் கேட்டாலும், விட்டுவந்த வீட்டில் இப்போது யார் இருக்கின்றார்கள் என்ற நினைவு ஒரு நாளில் ஒரு முறையேனும் வந்துபோகும் என்று சொல்வார். நமக்கு முன்னரே இந்த நினைவோடு காலங்கழித்த தமிழர் கூட்டம் ஒன்று உண்டு. அவர்கள் விட்டுவந்த நகரம் இரங்கூன். இன்றைய பெயர் யங்கோன். அந்நகரின் பழைய கட்டடங்களைக் காப்பதற்கென்று 2012 ஆம் ஆண்டில், இலாப நோக்கமற்ற அமைப்பாக, யங்கோன் மரபுரிமை அறக்கட்டளை தோன்றியது. அதன் பணியையும், அப்பணி எட்டாத இடத்தையும் நம் குடும்பங்கள் அறிந்திருப்பது நன்று.

அறக்கட்டளையை நிறுவியவர் வரலாற்றாசிரியர் தாண்ட் மியின்ட் ஊ. ஐக்கிய நாடுகள் சபையின் செயலாளர் நாயகமாக 1961 முதல் 1971 வரை விளங்கிய ஊ தாண்டின் மகள்வழிப் பேரன். 1966 இல் நியூயோர்க்கில் பிறந்து, தாயகத்துக்கு வெளியிலேயே வளர்ந்தவர். ஊ தாண்டின் உடல் 1974 இல் இரங்கூனுக்குக் கொண்டுவரப்பட்டபோது, நெவின் ஆட்சி அரச மரியாதை தர மறுத்தது. மாணவர்கள் சவப்பெட்டியைத் தாமே எடுத்துச் சென்றனர், கலவரம் மூண்டது. 1988 எழுச்சிக்குப் பின்னர் தாய்லாந்து எல்லையில் தஞ்சம் புகுந்த பர்மியரிடையே இப்பேரன் பணியாற்றினார். ஊருக்குத் திரும்பிவந்து முதலில் கட்டடங்களைக் காக்கப் புறப்பட்டவர் ஓர் அகதியின் மனநிலையை அறியாதவர் அல்லர்.

இனி நகரத்தைப் பார்ப்போம். 1852 ஆம் ஆண்டுப் போரில் ஆங்கிலேயர் கைப்பற்றிய இரங்கூனை மொன்ற்கொமரி, பிரேசர் என்னும் இருவர் சூலே பகோடாவை நடுவில் வைத்துச் சதுரங்கப் பலகை போல வகுத்தனர். அப்புதிய தெருக்களை நிரப்பியவர்களில் பெரும்பாலோர் வங்கக் கடல் கடந்து வந்தவர்கள். 1931 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி நகரத்தில் வாழ்ந்த 4 இலட்சம் பேரில் 2 இலட்சத்து 12 ஆயிரம் பேர் இந்தியர். துறைமுகத்தில் மூட்டை சுமந்தோரும், நெல் ஆலைகளில் உழைத்தோரும், அலுவலகங்களில் கணக்கெழுதியோரும், மொகல் தெருவில் வட்டித்தொழில் நடத்திய செட்டியார்களும் அவர்களுள் அடங்குவர். பிரேசர் தெருவில் காளி கோயில் எழுந்தது. சோழிய முஸ்லிம்கள் தங்கள் பள்ளிவாசலை எழுப்பினர். வெ. சாமிநாத சர்மா இரங்கூனிலிருந்து 'ஜோதி' என்னும் இதழை நடத்தினார். ஏ. கே. செட்டியார் 'தனவணிகன்' இதழுக்கு ஆசிரியராக இருந்தார். நாட்டரசன்கோட்டையிலும் காரைக்குடியிலும் இன்று காண்போர் வியக்கும் மாளிகைகளின் தேக்குத் தூண்கள் இந்நகரத்தின் வழியாகவே கப்பலேறின.

இக்கதையில் நம்மவர் பக்கத்துக் குறையை மறைப்பது நேர்மையாகாது. பொருளாதார மந்தத்தின்போது கடனைக் கட்ட இயலாத பர்மிய உழவரின் வயல்கள் செட்டியார்களின் கைக்குச் சென்றன. கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930 இல் நூற்றுக்கு 6 ஏக்கராக இருந்த அவர்களின் உடைமை 1938 இல் ஏறத்தாழ 25 ஆயிற்று. நிலமிழந்தவரின் கோபம், அந்த நிலத்தை ஒருநாளும் கண்டிராத மூட்டை தூக்கும் கூலியின் தலையிலும் விழுந்தது. 1930 இலும் 1938 இலும் நிகழ்ந்த கலவரங்களில் மடிந்தோர் பெரும்பாலும் ஏழைகளே.

1941 மார்கழியில் யப்பானியக் குண்டுகள் இரங்கூனில் விழுந்தன. கப்பலில் இடம் கிடைத்தவர் சிலர். காட்டு வழியே அராக்கானையும் மணிப்பூரையும் நோக்கி நடந்தவர் பல இலட்சம். வழியில் பசியாலும் நோயாலும் இறந்தவரின் தொகையை யாரும் சரியாக எண்ணவில்லை. சாமிநாத சர்மாவும் துணைவியாரும் நடந்தே இந்தியா சேர்ந்தனர். அந்நடையைப் பின்னர் அவர் நூலாக எழுதினார். யுத்தம் முடிந்தபின் திரும்பியவர்களையும், போகாமல் தங்கியவர்களையும் 1962 மாசிப் பங்குனியில் ஏற்பட்ட இராணுவ ஆட்சி எதிர்கொண்டது. கடைகளும் வங்கிகளும் அரசுடைமையாயின. 1964 இல் 50, 100 கியாட் தாள்கள் செல்லாதென அறிவிக்கப்பட்டன. சேமிப்பு ஒரே நாளில் கடதாசியாயிற்று. கப்பலேறியோர் மிகச் சிறு தொகைக்கு மேல் கையில் எடுத்துவர முடியவில்லை.

ஆட்கள் போயினர், கட்டடங்கள் நின்றன. இது பாதுகாப்பினால் நேர்ந்ததன்று, வறுமையினால் நேர்ந்தது. உலகத்தோடு தொடர்பறுந்த நாட்டில் இடித்துக் கட்டுவதற்குப் பணம் இருக்கவில்லை. பிரேசர் தெரு அனோரதா வீதியாயிற்று. மொகல் தெரு சுவே பொந்தா தெருவாயிற்று. மாடிகளில் ஆலங்கன்று முளைத்தது. 2005 இல் அரசு தலைநகரை நேப்பிடோவுக்குக் கொண்டுசென்றதும் பெருங் கட்டடங்கள் பல வெறுமையாயின. 2011 க்குப் பின் நாடு திறக்கப்பட்டு நிலத்தின் விலை ஏறியபோதுதான் உண்மையான ஆபத்து வந்தது. நகரசபை 1996 இல் வகுத்த மரபுரிமைப் பட்டியலில் 189 கட்டடங்கள் இருந்தன. அவற்றுட் பெரும்பாலானவை அரச கட்டடங்களும் வழிபாட்டிடங்களுமே. கடையும் வீடும் கிட்டங்கியும் அப்பட்டியலுக்கு வெளியே நின்றன. அவையே முதலில் இடிபட்டன.

அறக்கட்டளை இங்குதான் குறுக்கே நின்றது. கட்டடங்களைக் கணக்கெடுத்தது, சட்டம் வேண்டுமென வாதிட்டது, மக்களைத் தெருத்தெருவாக அழைத்துச் சென்று காட்டியது. 2014 முதல் முக்கிய கட்டடங்களில் அவற்றின் வரலாற்றைச் சொல்லும் நீலத் தகடுகளைப் பதித்தது. சுவேடகோன் பகோடாவின் அருகே எழவிருந்த பெருங் கட்டடத் திட்டம் பலத்த எதிர்ப்பின் பின்னர் 2015 இல் கைவிடப்பட்டது. அவ்வெதிர்ப்பில் அறக்கட்டளையின் குரலும் ஒன்று. பழைய செயலகத்தைக் காக்கவும் அது பாடுபட்டது. 1947 ஆடி 19 ஆம் நாள் ஆங் சானும் அமைச்சர்களும் சுட்டுக்கொல்லப்பட்ட இடம் அது. அன்று மாண்டோருள் ஒருவர் அப்துல் ரசாக். இந்திய முஸ்லிம் தந்தைக்கும் பர்மியப் பௌத்தத் தாய்க்கும் பிறந்தவர். அந்த ஒரு பெயரே நகரத்தின் பாதி வரலாற்றைச் சொல்லும்.

ஆயினும் தகட்டில் எத்தனை வரிகள் அடங்கும்? கட்டிய ஆண்டு, கட்டியவர், பின்னர் அங்கே இயங்கிய அலுவலகம். மூன்றாம் மாடியில் முப்பது வருடம் குடியிருந்து 1964 இல் சாவியை வாசலில் வைத்துவிட்டுப் போன குடும்பத்தின் பெயரை அறக்கட்டளை எங்கிருந்து எடுக்கும்? அரச பதிவேட்டில் தேசியமயமாக்கப்பட்ட நாள்தான் இருக்கும். மிச்சம் அக்குடும்பத்தின் தகரப்பெட்டியிலே இருக்கின்றது. 2021 மாசி முதலாம் நாள் இராணுவம் மீண்டும் ஆட்சியைக் கைப்பற்றிய பின், அப்பெட்டிக்கும் அச்சுவருக்கும் இடையிலான தூரம் இன்னும் நீண்டுவிட்டது.

நம் அனுபவம் இதற்கு மறுதலை. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981 இல் எரிந்தபோது 97 ஆயிரம் அளவிலான நூல்கள் போயின. கட்டடம் மீள எழுந்து 2003 இல் திறக்கப்பட்டது; எரிந்த ஏடுகள் திரும்பவில்லை. இரங்கூனில் கல் நின்று கடதாசி சிதறியது. யாழ்ப்பாணத்தில் கல்லை மீண்டும் அடுக்க முடிந்தது, கடதாசியை முடியவில்லை. 2005 இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் இந்த உண்மையை உணர்ந்தே ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் சேர்க்கின்றது. அதற்குப் பொருள் தருவோர் பெரும்பாலும் தத்தம் அலுமாரிகளைத் திறந்தவர்களே. கலியாண அழைப்பிதழும் கோயில் மலரும் ஊர்ச்சங்க அறிக்கையும் தேவையற்ற குப்பை என்று எண்ணி, இடம் மாறும்போது வீசிவிடுபவர்கள் இன்றும் நம்மிடையே உளர். அவ்வாறு வீசிய வீடொன்றை நானும் அறிவேன், அது என்னுடையது.

பர்மாவிலிருந்து வந்தோருள் ஒரு பகுதியினர் சென்னைத் துறைமுகத்தின் எதிரே கடை விரித்தனர். அவ்விடம் பர்மா பசார் எனப்படுகின்றது. இன்னொரு பகுதியினருக்குத் தமிழ்நாடு ஒட்டவில்லை. பிறந்த மண்ணுக்கே திரும்பிவிடுவோம் என்று அவர்கள் தரைவழியாகப் புறப்பட்டு மணிப்பூர் எல்லையிலுள்ள மோரே வரை சென்றனர். பர்மா உள்ளே விடவில்லை. எல்லைக்கோட்டிலேயே தங்கி, அங்கே அங்காளபரமேசுவரி கோயிலையும் தமிழ்ச்சங்கத்தையும் அமைத்துக்கொண்டனர். கோயிலிலிருந்து சிறிது தூரம் நடந்தால் எல்லை வாயில். அதற்கு அப்பால் பர்மா.